திருகோணமலையில் இப்படியொரு விருது கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் ஏழெட்டுப் பேர் கொண்ட சின்னக் குழு. டவுனிலும் உப்புவெளிப் பக்கத்திலும் இருக்கிறீர்கள். பால்புதுமையினருக்காக (ஒருபாலீர்ப்பினர், திருநங்கையர், திருநம்பியர் போன்றவர்களுக்காக) வாய் திறந்து பேசிய, வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட நாலைந்து பேரைக் கூப்பிட்டு விருது கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். சட்டம் இடம் கொடுக்குமா, யாருக்குக் கொடுப்பது, எங்கே எப்போது வைப்பது, பத்திரிகைக்காரரைக் கூப்பிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கொடுத்த பிறகு அவர்களுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வது?" உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் பெண்கள் அமைப்புகளோடும் எச்.ஐ.வி. விழிப்புணர்வு வேலையோடும் ஓடித் திரிந்தவள். இப்படியான கௌரவிப்புகளில் மூன்று தடவை தெரிவுக் குழுவில் இருந்திருக்கிறேன். ஒரு தடவை ஒழுங்கு செய்யும் பொறுப்பில் இருந்து பெரிய பிழையும் விட்டிருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆகவே சட்டம் பற்றி எழுதுவதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, ஒரு சட்டத்தரணியோடு அரை மணித்தியாலம் கதைத்துவிடுங்கள்.

முதலில், ஐயமில்லாமல் சொல்லக்கூடியது. ஒருவரைப் பாராட்டுவது இலங்கையில் குற்றம் இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள 365, 365அ பிரிவுகள் ஒருபாலுறவுச் செயலைத்தான் குற்றமாக்குகின்றன. ஒருவர் யாராக இருக்கிறார் என்பதையோ, சமத்துவம் வேண்டும் என்று அவர் பேசுவதையோ அவை தொடுவதில்லை. 1995இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது "ஆண்" என்று இருந்ததை "ஆள்" என்று பொதுவாக்கினார்கள். அதோடு பெண்களும் அதற்குள் அகப்பட்டார்கள். "இந்த நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாகக் கிடைத்தது இது ஒன்றுதான்" என்று எங்களோடு வேலை செய்த அக்கா ஒருவர் பகிடியாகச் சொல்வார்.

2016இல் உயர் நீதிமன்றம் (இந்திய வாசகர்கள் உச்ச நீதிமன்றம் என்று வாசிக்கவும்) ஒரு வழக்கில், வயதுவந்தவர்கள் இருவர் இணங்கிச் செய்வதை அரசு காவல் பார்க்கக் கூடாது என்பதுதான் இக்காலச் சிந்தனை என்று எழுதியது. ஆனாலும் சட்டம் சட்டமாக இருப்பதால் குற்றத்தீர்ப்பைக் கைவிடாமல், சிறைத்தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. பால்புதுமையினர் உரிமைக்கான ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பை 2004இல் தொடங்கிய ரொசானா ஃபிளேமர்-கல்டேரா கொண்டுபோன முறைப்பாட்டில், இந்தச் சட்டம் பெண்களின் உரிமையை மீறுகிறது என்று ஐக்கிய நாடுகள் சபையின் பெண்கள் உரிமைக் குழு 2022இல் சொன்னது. பிறகு 2023இல் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளை மாற்றத் தனிப்பட்ட உறுப்பினர் சட்டமூலம் ஒன்று கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். முரண் இல்லை என்ற உயர் நீதிமன்றத்தின் முடிவைச் சபாநாயகர் அந்த மே மாதம் பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஆனால் வாக்கெடுப்பு வரை அது போகவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் போய்விட்டது. பிரிவுகள் இன்னும் இருக்கின்றன.

சரி, இது உங்கள் விழாவுக்கு என்ன அர்த்தம்? உள்ளே கதிரை போட்டு, முப்பது பேரை இருத்தி, நாலு பேருக்கு நன்றி சொல்வதை இந்தப் பிரிவுகளால் தடுக்க முடியாது. ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். முப்பது பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு? ஊர்வலம் போவது வேறு விஷயம், அதை இதோடு கலக்காதீர்கள். இவ்வளவும் உறுதி. உறுதியில்லாதது, விழா முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு திருநங்கையை வழியில் ஒருவர் மறித்தால் என்ன நடக்கும் என்பது. ஆள்மாறாட்டம் என்ற 399ஆம் பிரிவும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இந்த மக்களைத் தொந்தரவு பண்ணப் பயன்பட்டிருக்கின்றன. நல்ல அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், மற்ற வகையையும் பார்த்திருக்கிறேன். அன்றிரவு கடமையில் இருப்பவர் எந்த வகை என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேட முடியாது. ஆகவே மண்டபத்துக்குச் செலவழிக்க முதல், எல்லாரும் வீடு போய்ச் சேர ஓட்டோவுக்குக் காசு ஒதுக்குங்கள்.

இப்போது என் பிழை. 2014இல் டவுனில் ஒரு மண்டபத்தில் ஐந்து பேரைக் கௌரவித்தோம். நான் அப்போது வேலை செய்த அமைப்பின் பெயர் வேண்டாம், பிழை என்னுடையதும்தான். ஐந்து பேரில் ஒருவர் தையல் வேலை செய்கிறவர். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டு திருநங்கைகளைத் தன் தையல் அறையில் மாதக்கணக்கில் படுக்க விட்டவர். விழாவுக்கு வரும்போது கணவரிடம் "பெண்கள் கூட்டம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை. பின்னால் கட்டியிருந்த பதாகையில் எல்லாச் சொற்களையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அன்றிரவே ஒரு தன்னார்வலர் பெடியன் எட்டுப் படங்களை முகநூலில் ஏற்றினான். சந்தோசத்தில்தான் ஏற்றினான். இரண்டு நாளில் படம் வாட்சப் வழியாக மூதூரில் இருந்த கணவரின் தம்பி போனுக்குப் போய்விட்டது. நாங்கள் முகநூலில் இருந்து எடுத்துவிட்டோம். வாட்சப்பில் போனதை யார் எடுப்பது? பிறகு பல மாதம் அந்தத் தெருவில் ஒருவரும் அவரிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கவில்லை. ஒரு நாள் அவருடைய மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தாள். பேப்பரில் சுற்றிய எங்கள் நினைவுச்சின்னம். "அம்மா தரச் சொன்னவ" என்று மட்டும் சொன்னாள். இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, விருது என்பது வெளிச்சம், ஒருவர் தாங்கக்கூடிய வெளிச்சம் எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உலகத்தில் இந்தத் துறையில் பெயர் பெற்ற விருது ஒன்று உகண்டாவில் பால்புதுமையினர் உரிமைக்காகப் போராடிய டேவிட் கட்டோ பெயரில் இருக்கிறது. 2010இல் அங்கே ஒரு பத்திரிகை, தூக்கில் போடச் சொல்லி, பால்புதுமையினர் என்று சொல்லப்பட்டவர்களின் படங்களையும் பெயர்களையும் அச்சிட்டது. அவரும் இன்னும் இருவரும் வழக்குப் போட்டு வென்றார்கள். 2011 ஜனவரி 26ஆம் தேதி அவரை வீட்டில் வைத்துக் கொன்றார்கள். பொலிஸ் அதைத் தனிப்பட்ட தகராறு, களவு என்று சொன்னது. நண்பர்கள் அதை நம்பவில்லை. அது எப்படியோ, ஒரு படம் அச்சில் வருவது என்ன செய்யும் என்பது அந்த விருதின் பெயரிலேயே இருக்கிறது. நமக்கு இன்னும் கிட்ட, டாக்காவில் பால்புதுமையினருக்காக இதழ் நடத்திய ஜுல்ஹாஸ் மன்னானை 2016 ஏப்ரலில் அவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். திருகோணமலை டாக்கா இல்லைத்தான். அந்த அளவுக்குப் பயமுறுத்துவது என் எண்ணமும் இல்லை. ஆனால் இங்கே ஒருவருக்கு ஒருவர் சொந்தம். டவுனில் படம் எடுத்தால் நிலாவெளியில் ஒரு மாமி, கிண்ணியாவில் ஒரு மச்சான், தம்பலகாமத்தில் ஒரு பழைய ரீச்சர் என்று எல்லாரும் பார்த்துவிடுவார்கள். கொழும்பில் கூட்டத்துக்குள் மறைய முடியும், இங்கே முடியாது.

ஆகவே ஒருவரைத் தெரிவு செய்ததும் முதலில் அவரிடமே போங்கள். போனில் வேண்டாம், நேரில். நாலு விஷயம் கேளுங்கள்: உங்கள் பெயரைச் சொல்லலாமா, படம் எடுக்கலாமா, வீட்டில் யாருக்குத் தெரியும், சான்றிதழில் என்ன எழுதினால் சுவரில் மாட்டுவீர்கள்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். எனக்கு அதுதான் பெரிது. நாங்கள் ஒருமுறை ஒரு அம்மாவிடம் இதைக் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்பான சேவைக்காக என்று எழுதுங்கோ பிள்ளை, நான் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் கொளுவுவன்" என்றார். எங்கள் குழுவில் இளம் ஆட்களுக்குக் கோபம். மறைத்து எழுதினால் விருது எதற்கு, சமத்துவம் என்ற சொல் எங்கே என்று வாதாடினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் அந்த அம்மா சொன்னபடிதான் எழுதினோம். அது இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. வருகிற சனம் "என்ன சேவை?" என்று கேட்கிறது, ஆளைப் பார்த்து அவர் பதில் சொல்கிறார். இன்னொருவர், திருநம்பி (பிறக்கும்போது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்), "என் முழுப் பெயரையும் போடுங்கள், பால்புதுமையினர் உரிமை என்று பெரிதாகப் போடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள்" என்றார். அப்படியே போட்டோம். இரண்டும் சரி.

யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நம் ஊர் விழாக்களில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று எல்லாருக்கும் மாலையும் பொன்னாடையும் போட்டு முடிந்த பிறகுதான் விருது வாங்க வந்தவருக்கு முறை வரும். அதற்குள் பாதிச் சனம் எழும்பிப் போயிருக்கும். இந்த நோய் உங்களுக்கும் வரும். ஒரு டொக்டருக்கோ அதிகாரிக்கோ கொடுத்தால் நாளைக்கு ஒரு அலுவல் நடக்கும் என்று யாராவது சொல்வார்கள். நடக்கலாம். ஆனால் அதைக் கடிதம் எழுதி நன்றி சொல்லி முடியுங்கள். விருதை, ராத்திரி ஒரு மணிக்கு அடித்தால் போன் எடுக்கிறவருக்குக் கொடுங்கள். அவரைக் கண்டுபிடிக்க வாக்குப் பெட்டி தேவையில்லை. பத்துப் பேரிடம் "கஷ்டம் வந்தபோது யாரிடம் போனாய்?" என்று தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டு மூன்று பெயர் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு, மனநல மருத்துவர் வழியாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, அதைக் கொண்டு பிறப்புப் பத்திரத்தில் மாற்றம் செய்யலாம். எழுதும்போது ஒரு வரி. நடக்கும்போது ஆஸ்பத்திரி, கிராம சேவகர், பிரதேச செயலகம், பதிவாளர், பிறகு அடையாள அட்டை என்று நீளும். ஒவ்வொரு வாங்கிலும் பழைய பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். அந்த வாங்குகளில் பக்கத்தில் இருந்து, "தங்கச்சியின் பெயர் இது, இப்படிக் கூப்பிடுங்கோ சேர்" என்று சொல்வதற்கென்றே கூடப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். சம்பளம் இல்லை, பஸ் காசும் கைக்காசு. மேடையில் பேசத் தெரியாது. என் கணக்கில் அவர்கள்தான் முதல். கிளினிக்கில் துண்டு எழுதும்போது ஆள் சொன்ன பெயரையே எழுதுகிற ஊழியரும் அதில் அடக்கம்.

வெளிநாட்டு முறையை அப்படியே எடுக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடக்கிற இப்படியான சமூக விருது விழாக்கள் பல, இராப்போசனத்துக்கு மேசை விற்று அமைப்புக்குப் பணம் சேர்க்கிற விழாக்களும்தான். விருது பாதி, நிதி பாதி. அதனால்தான் பிரபலமானவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். நமக்கு விற்க மேசை இல்லை. தமிழ்நாட்டில் அரசே சிறந்த திருநங்கை விருது என்று ஒரு இலட்சம் ரூபாயும் சான்றிதழும் கொடுக்கிறது. 2008இல் திருநங்கைகள் நலவாரியம் தொடங்கிய ஏப்ரல் 15ஐத் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே கொடுக்கிற கை அரசின் கை, அதற்கு ஒரு பலம் உண்டு. திருநங்கையான நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது பரதத்துக்காக. அதுவும் ஒரு வழி. நம் பகுதியிலும் நல்ல கூத்துக்காரரோ, சமையல்காரரோ, ஒப்பனைக்காரரோ பால்புதுமையினராக இருந்தால், அந்தத் தொழிலுக்காகவே கௌரவியுங்கள். அவர் யார் என்பது ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?

நமக்கு அரசின் கை இல்லாததால், கொடுக்கிற கை யாருடையது என்பதில் கவனம் வையுங்கள். பொன்னாடை என்ன விலை என்று நம் சனம் பார்ப்பதில்லை, யார் போர்த்தியது என்றுதான் கேட்கும். நான் பார்த்ததில் மிக நன்றாக நடந்த விழா, ஒரு வீட்டு முற்றத்தில் இருபத்திரண்டு பேரோடு நடந்தது. வடையும் பிளேன்ரீயும்தான். விருது வாங்கிய பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தியவர், ஆறு வருடம் அவரோடு கதைக்காமல் இருந்த மூத்த அக்கா. அதற்காக நாங்கள் இரண்டு மாதம் அந்த வீட்டுக்கு நடந்தோம். அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை; போர்த்திவிட்டு, மடிப்பைச் சரி பண்ணிவிட்டு, போய் இருந்தார். அதற்குப் பிறகு பொங்கலுக்கு அழைப்பு வந்தது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது. இன்னொரு வீட்டில் இதேபோல முயன்று, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்படியான விருதால் ஊர் மாறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருபது வருடத்தில் ஊர் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் அதற்குப் போன், சினிமா, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், கொழும்பில் நடந்த வழக்குகள் என்று பல காரணம் இருக்கும். எங்கள் விழாக்களுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொன்னால் அது என் ஆசையாகத்தான் இருக்கும். வாங்கியவர்களில் மூன்று நாலு பேர் அந்த வருடம் சோர்ந்துபோய் விட்டுவிடாமல் தொடர்ந்தார்கள் என்பதை மட்டும் பார்த்தேன். எனக்கு அது போதும். உங்களுக்கும் போதுமா என்பதை நீங்கள் கூடிக் கதைத்து முடிவு செய்ய வேண்டும்.

சில்லறை விஷயங்கள். பால்புதுமையினர் மீதான வெறுப்புக்கு எதிரான நாளாக உலகம் முழுதும் கடைப்பிடிக்கிற மே 17, உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்த நாள். நல்ல நாள்தான், ஆனால் வெசாக்கும் பெரும்பாலும் அந்த மாதத்தில் வருவதால் பஸ் நெரிசலைப் பார்த்து வையுங்கள். நோன்பு காலத்தில் பின்னேரம் வைத்தால் கிண்ணியா, மூதூர் நண்பர்கள் வர முடியாது. நவம்பர், டிசம்பர் மழைக்கு முற்றம் சரிவராது. சாப்பாடு எல்லாரும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். நினைவுச்சின்னத்துக்குச் செலவழிக்கிற காசில் பாதியை உறையில் போட்டுக் கொடுங்கள். அன்றைக்குக் கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். பதாகை வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால் "நன்றி" என்று மட்டும் எழுதுங்கள், மூன்று மொழியிலும்.

கடைசியாக, பத்திரிகைக்காரர். இந்த வருடம் வேண்டாம். நண்பர் என்ற முறையில் ஒருவர் வந்தால் வரட்டும், ஆனால் மற்ற எல்லாரையும் போல அவரும் போனை வாசலில் இருக்கிற கூடையில் போட்டுவிட்டு உள்ளே வரட்டும். கூடைக்குப் பக்கத்தில் உங்கள் குழுவில் கொஞ்சம் கண்டிப்பான ஆள் ஒருவரை இருத்துங்கள். 2014இல் எங்களிடம் கூடையும் இல்லை, அந்த ஆளும் இல்லை.